பெயர்கள் ஓடிய பிறகு

சென்ற டிசம்பரில், ஒரு விண்வெளித் தொடரின் கடைசிக் காட்சியை என் தங்கையிடமிருந்து மறைத்தேன். எழுதிப் பார்த்தால் சிறுபிள்ளை விஷயமாகத்தான் தெரிகிறது. எழுபதைத் தாண்டியவன் நான். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மறைத்ததால் என்ன ஆனது என்பதைச் சொன்னால் விஷயத்தின் அளவு விளங்கும்.

அது வெளிநாட்டுத் தொடர். ஒரு பழைய சரக்கு விண்கலம், அதில் ஆறேழு பேர். கோளுக்குக் கோள் விதையும் மருந்தும் இரும்பும் ஏற்றி இறக்குவார்கள். சண்டை குறைவு, பேச்சு அதிகம். தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்த காலத்தில் அது என்னைப் பிடித்துக்கொண்டது. இடையில் நின்றது, மறுபடி வந்தது, நடிகர்கள் மாறினார்கள், கடைசியில் இணையச் சந்தாவுக்குள் போய்ச் சேர்ந்தது. நான் விடவில்லை. என் மனைவி இருந்தவரை அதை 'உங்க லாரி சர்வீஸ்' என்பாள்.

எனக்கு அதில் பிடித்தது ஒரு விதி. ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் பயணம் செய்பவனுக்குக் காலம் மெதுவாகப் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கு வழக்கம்போல் ஓடும். கலத்தில் ஏறிப் போனவன் திரும்பி வந்தால் அவன் இளமையாக இருப்பான், வீட்டில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அதனால் அந்தக் கலத்தில் இருக்கும் யாரும் ஊர் திரும்புவதில்லை. எத்தனையோ பருவங்கள் வந்தும் கதை எழுதியவர்கள் இந்த விதியில் கை வைக்கவில்லை. என் தங்கைக்கு முதன்முதலில் இதை விளக்கியபோது, "தேவலோகத்துல ஒரு நாளுன்னா நமக்கு ஒரு வருசம்பாகளே, அதாண்ணே இது?" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். கணவர் ராணுவத்தில் இருந்தவர், இப்போது இல்லை. சுந்தரபாண்டியத்தில் இருக்கும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகன், புனேயில் வேலை. அந்தத் தொடரை அவனுக்குப் பிடிக்க வைத்தது நான்தான். பள்ளி விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் பார்த்து, வளர்ந்தபின் என்னைவிடத் தீவிரமான ரசிகன் ஆனான். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். எந்தப் பருவத்தில் எந்தக் கோளில் என்ன நடந்தது என்று மாமனும் மருமகனும் ஃபோனில் மணிக்கணக்கில் வாதம் செய்வோம்.

தங்கைக்கு ஆங்கிலம் வராது. வழக்கமான பகுதிகளுக்குத் தமிழ்க் குரல் இருந்தது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு வரும் சிறப்புப் பகுதிக்கு மட்டும் கிடையாது. அதனால் ஒவ்வொரு டிசம்பரும் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். கலத்தின் பொறியாளன் அவளுக்கு 'மெக்கானிக் பய'. கலத்தை ஓட்டும் பெண் 'நெட்டச்சி'. சிறப்புப் பகுதிகளைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பனி கொட்டும், விளக்குத் தொங்கும், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடுவார்கள். தீபாவளி மலருக்கு எழுதும்போது நல்ல எழுத்தாளர்களும் கொஞ்சம் சர்க்கரை தூவுவார்கள் இல்லையா, அப்படி எடுத்துக்கொள்வேன்.

இனி, சொல்லப் பிடிக்காததைச் சொல்கிறேன். எனக்கு ஒரு மகள். தங்கை மகனுக்கு அவளைக் கொடுப்பது என்பது இருவரும் பிறந்ததிலிருந்தே வீட்டில் பேசிக்கொண்ட காரியம். தங்கைக்கு அதில் வேறு நினைப்பே கிடையாது. மருமகன் மறுத்துவிட்டான். புனேயில் உடன் வேலை செய்த தமிழ்ப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். தங்கை, "எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று சொல்லி அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். என் மகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "சேந்தே வளந்தோம்பா, அவனப் போயி எப்படி?" என்று சிரித்தாள், வேறு இடத்தில் மணமாகி ஓசூரில் நன்றாக இருக்கிறாள். நானும் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டேன். அவனோடு ஃபோனில் பேசுவதை நிறுத்தவில்லை. தங்கையிடம், "விடு ஏட்டி, சின்னஞ்சிறுசுக" என்றேன்.

ஆனால் சோழபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ராஜபாளையத்துக்காரர் பிள்ளையத்தான மருமகன் வேண்டாம்னு கழிச்சுட்டான்? காலேஜு வாத்தியார், கெவுரவமான ஆளு, பாவம்" என்றார். அவர் என்னைப் பார்த்திருக்கவில்லை. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்றும் நினைத்திருந்தேன்.

சென்ற டிசம்பரில் தங்கை ஃபோனில் சொன்னாள்: "அண்ணே, பொங்கலுக்கு அவனக் கூப்பிடலாமான்னு நெனைக்கேன். அவளையுந்தான். நீ என்ன சொல்லுத?"

"பாப்பம்" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லேல்லா?"

"எனக்கென்ன ஏட்டி? பாப்பம்னுதான சொன்னேன்."

கிறிஸ்துமஸ் அன்று காலை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய கேக்கை வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் தனியாக உட்கார்ந்து அந்த ஆண்டின் சிறப்புப் பகுதியைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் கோபத்தில் கேக்கைத் தள்ளி வைத்தேன். பொறியாளன் பண்டிகைக்குத் தன் ஊருக்குத் திரும்புகிறான். தாயோடு சண்டை போட்டுக் கலத்தில் ஏறியவன் அவன். விதிப்படி தாய் இறந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிறாள். மகன் வரும்வரை தன்னை உறைநிலையில் தூங்க வைத்துக்கொண்டாளாம். உறைதூக்கத்துக்குப் பெரிய அணு உலை வேண்டும், சின்னக் குடியேற்றங்களில் அது முடியாது என்று அவர்களே இரண்டாம் பருவத்தில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கட்டிக் காத்த விதியை ஒரு பண்டிகைக்காக உடைத்துவிட்டார்கள். இந்தக் கோபம் உண்மையானது. இன்றும் என் கருத்து அதுதான்.

கதை இப்படிப் போகிறது. மகன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தாய் உள்ளே கூப்பிடுகிறாள். சாப்பிடுகிறார்கள், அதிகம் பேசவில்லை. இடையில் அவன் தாழ்ந்த குரலில், கலத்தில் தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், மனைவி, என்கிறான். பிறகு எழுந்து வாசலில் நின்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் விடைபெறுகிறான். தாய், சரி, போ என்கிறாள். நடித்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. பெயர்கள் ஓடி முடிந்தபின், இந்தத் தொடரின் சில சிறப்புப் பகுதிகளில் ஒரு சின்னக் காட்சி உண்டு. ரசிகர்களுக்குத் தெரியும், எழுந்து போக மாட்டார்கள். அதில் அவன் தன் மனைவியை, அதாவது நெட்டச்சியை, அழைத்துக்கொண்டு அதே வாசலுக்கு வருகிறான். தாய் கதவைத் திறந்து, முதலில் அவளைப் பார்த்து, அவள் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்கிறாள்.

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மார்கழி என்பதால் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே பாடி ஓய்ந்திருந்தது. தங்கை எல்லா வேலையையும் முடித்துவிட்டு, ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவி மகன் வாங்கிக் கொடுத்தது, சந்தாவும் அவனுடையதுதான். பேச்சு நின்றபிறகும் அந்தக் கணக்கில் 'அம்மா' என்று ஒரு பெயர் அப்படியே இருந்தது. அவனும் எடுக்கவில்லை, இவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெக்கானிக் ஊர் திரும்புகிறான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆத்தாகாரி இருக்காளா? செத்துப் போயிருப்பான்னுல்லா சொன்ன?"

"இருக்கா. அதான் இவனுக செஞ்ச கோட்டி, கிறுக்குத்தனம்."

"இருக்கட்டும்ணே. இருந்தா நல்லதுதான. ஒனக்கென்ன நட்டம்?"

அவர்கள் சாப்பிடும் காட்சியில், "எம்புட்டு எளச்சுப் போயிட்டான் பாரேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அவன் மனைவியைப் பற்றிச் சொன்ன இடத்தில் நான் வாய் திறக்கவில்லை.

"என்னமோ சொன்னானே?"

"வேலையப் பத்தி" என்றேன்.

பிறகு அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். அந்த இரண்டு சொல்லைச் சொன்னான்.

"போறேன்னு சொல்லுதான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வாரேன்னு சொல்லலையா?"

"இல்ல. போறேன்."

இதை நான் தெரியாமல் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லிவந்த வேடிக்கையே இதுதான். வாசலில் நின்று ஆங்கிலக்காரன் சொல்வதை அகராதியைப் பார்த்துப் 'போறேன்' என்று எழுதினால் உங்கள் அம்மா வாயிலேயே அடிப்பாள், நம் ஊரில் திரும்பி வராதவன்தான் போகிறான், மற்றவனெல்லாம் வருகிறான் என்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். வேறு யார் அப்படி மொழிபெயர்த்திருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

"அவ என்ன சொன்னா?"

"சரி, போன்னுட்டா."

பெயர்கள் ஓடத் தொடங்கின. நான் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினேன்.

அவள் கறுத்த திரையைப் பார்த்து, "அம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு மடியிலிருந்த ஃபோனை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, "காப்பி போடுதேன், இரு" என்று உள்ளே போனாள்.

என்ன செய்தேன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஒரு மோசமான பகுதியைத் திருத்திச் சொன்னேன், அது முடிந்திருக்க வேண்டிய விதத்தில் முடித்து வைத்தேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது அதைப் பாதிக்கு மேல் நம்பியும் விட்டேன்.

ஜனவரி தொடக்கத்தில் மருமகனிடமிருந்து செய்தி வந்தது. "மாமா, அம்மா பேர்ல ஸ்பெஷல் முழுசா ஓடலன்னு காட்டுது. பேர் ஓடுறப்பவே நிறுத்திட்டீங்களா? அதுக்குப் பொறவுதான மெயின் சீனே இருக்கு."

அவன் கணக்கில் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தாய் தொடரைப் பார்த்தாளா என்று அவன் பார்த்த அளவைக் காட்டும் பட்டையில் கவனித்துவந்திருக்கிறான். தாயைப் பற்றி நேரடியாக அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"கரண்ட் போயிருச்சு மாப்ள" என்று பதில் போட்டேன்.

"சரி மாமா. பொங்கலுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அம்மா கண்டிப்பா பாக்கணும்."

இதற்கு மேல் ஒருவன் எப்படிக் கேட்பான்? தாய் கூப்பிட்டால் வருவேன் என்று தன் வாயால் சொல்ல அவனுக்கு முடியவில்லை. அந்தக் காட்சி சொல்லட்டும் என்று நினைத்தான். காட்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் நான். "ஆகட்டும்" என்று எழுதிவிட்டு நான் போகவில்லை. சளி, குளிர், பஸ்ஸில் கூட்டம் என்று காரணங்கள் இருந்தன.

பொங்கலன்று போகாமல் இருக்க முடியாது. உடன்பிறந்தவளுக்குப் பொங்கச் சீர் கொண்டுபோக வேண்டும். அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு எல்லாவற்றோடும் காரில் போய் இறங்கினேன். வாசலில் பெரிய கோலம். கரும்பை மாடிப்படியில் சாத்தி வைக்கப் போனபோது மாடியறைக் கதவு திறந்திருந்தது. கழுவித் துடைத்து, கட்டிலில் புது விரிப்பு போட்டு, இரண்டு தலையணை வைத்திருந்தாள்.

"மாடியில யாரு?" என்றேன்.

"யாருமில்ல. சும்மாதான் தூத்தேன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கூப்பிடல. கூப்பிடாமயே வந்தாலும் வருவான்னு ஒரு நெனப்பு. காலையில வார வண்டியெல்லாம் வந்து போயிருச்சு."

பொங்கல் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, இலை போட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை. இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து டிவியைப் போட்டேன்.

"என்னண்ணே, சாப்பாட்டு நேரத்துல?"

"செத்த நேரம் இங்க வா. ஒரு சீன் விட்டுப் போச்சு."

'அம்மா' என்ற பெயரைத் தொட்டதும் நான் நிறுத்திய இடத்திலிருந்தே ஓடியது. பெயர்கள் முடிந்தன. கதவு, மெக்கானிக், நெட்டச்சி. தாய் பையை வாங்கினாள். அதில் வசனமே கிடையாது. நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கை நின்றபடியே பார்த்தாள். முடிந்ததும், "போறேன்னு சொன்னவன் எப்படி வந்தான்?" என்றாள்.

"அவன் அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன். பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போனான். அதையும் நான் சொல்லல."

"இந்த சீன் இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஈரமாக இல்லை. "ஒம் பிள்ளைய வேண்டாம்னான்னு இன்னமும் வச்சிருக்கியாண்ணே மனசுல?"

"இருந்திருக்கு."

"ஒனக்காகத்தான நான் அவங்கூடப் பேசாம இருந்தேன். எனக்கு ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே சொன்னியே."

"சொன்னேன்."

"பொறவு?"

பதிலுக்கு நிற்காமல், ஃபிரிட்ஜின் மேலிருந்து ஃபோனை எடுத்து என் முன்னாலேயே அழைத்தாள். எடுத்தது அவன் அல்ல, அந்தப் பெண்.

"நான் அத்தை பேசுதேன்" என்றாள் தங்கை. அதற்கு முன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. "பொங்கல் வச்சியா?... குக்கர்லயா? சரி, பொங்குச்சுல்லா, அது போதும்... அவன் எங்க?... தூங்குதானா, இந்நேரத்துலயா?... எழுப்ப வேண்டாம், இரு, நீ சொல்லு." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "டிக்கெட்டா? எப்ப போட்டிக?... ஏன் கேன்சல் பண்ணுனிக?... அத நான் முழுசாப் பாக்கலன்னா?" அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல தாயி. தப்பு இங்கதான்" என்றாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. ஃபோனோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மூடி வைத்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கே மருமகனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கரண்ட் போகவில்லை என்பதையும் எழுதினேன். "சரி மாமா" என்று பதில் வந்தது. அதன்பிறகு புதிய பருவம் தொடங்கி முடிந்தும்விட்டது. அவன் அதைப் பற்றி என்னோடு பேசவில்லை. நானாக இரண்டு முறை ஏதோ எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஆடிப்பூரத் தேருக்கு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார்கள். தங்கை என்னையும் கூப்பிட்டாள். கூப்பிடாமல் இருந்திருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். தேர் பார்த்துவிட்டு வந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். மருமகனின் மனைவி எனக்கு மகள் முறை. அவள் என்னைப் 'பெரியப்பா' என்று கூப்பிட்டாள். தங்கைதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"பெரியப்பா, அந்தக் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் உங்களுக்குப் பிடிக்கவே இல்லையாமே, ஏன்? நான் அழுதுட்டேன் தெரியுமா" என்றாள்.

அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. தங்கை சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"மாமாவுக்கு சயின்ஸ் தப்பா இருந்தா பிடிக்காது" என்றான் மருமகன், இலையிலிருந்து தலையைத் தூக்காமல். "வேற ஒண்ணுமில்ல."

"அப்படி என்ன தப்பு?" என்றாள் அவள் என்னிடம்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். உறைதூக்கத்துக்கு அணு உலை வேண்டும் என்று தொடங்கி, இரண்டாம் பருவத்தில் சொன்னதை எல்லாம் அவளுக்கு விளக்கினேன். ஒவ்வொன்றும் சரியான வாதம். அவள் ஆர்வமாகக் கேட்டாள். முன்பெல்லாம் ஒவ்வொரு வாதத்துக்கும் மறுப்புச் சொல்லும் அவன், அன்று ஒன்றுக்கும் சொல்லவில்லை.